யாழ்ப்பாணத்தில் உணவும் கள்ளும் சாராயமும் சுவை பார்க்கும் நிகழ்வுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உள்ளூர் உணவுகளையும் பனங்கள், பனஞ்சாராயம், திராட்சை வைன் போன்ற பானங்களையும் சிறு அளவுகளில் வரிசையாகப் பரிமாறி, அவை எப்படி உருவாகின்றன என்பதை விளக்கும் சந்திப்புகள் யாழ்ப்பாணத்தில் விடுதிகளிலும் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் சிறு அளவில் நடைபெறுகின்றன. அவற்றுக்கு முதன்முறையாகப் போகிறவர்களும், விடுமுறைக்கு ஊருக்கு வரும் புலம்பெயர்ந்த உறவுகளும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இத்தகைய நிகழ்வொன்றின் நடுவில் நிற்க வேண்டியது பனை மரமும் அதில் ஏறி இறங்கும் மனிதரின் கைத்திறனுமே என்பது என் உறுதியான எண்ணம். பதில்களும் அந்த எண்ணத்திலிருந்தே எழுதப்பட்டுள்ளன.

தவறணைக்குப் போவதற்கும் சுவை பார்க்கும் நிகழ்வுக்குப் போவதற்கும் என்ன வேறுபாடு?

தவறணையில் ஒருவர் தமக்கு வேண்டியதை வாங்கி, வேண்டிய அளவு குடித்துவிட்டு எழுந்து போகலாம். சுவை பார்க்கும் நிகழ்வில் அளவையும் வரிசையையும் நடத்துபவர் தீர்மானிக்கிறார். ஒவ்வொரு பானத்துக்கும் உணவுக்கும் இடையில் தண்ணீரும் பேச்சும் உண்டு. எந்த ஊர் மரம், எப்போது இறக்கியது, எந்த முட்டியில் (கள் சேரும் கலயத்தில்) சேர்ந்தது என்பவை சொல்லப்படும். ஒரே நாளில் விடியற்காலையில் இறக்கிய கள்ளையும் முந்தைய மாலை இறக்கிய கள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கத் தருவது நல்ல நிகழ்வுக்கு ஓர் அடையாளம். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாக்கு ஒருமுறை அறிந்துகொண்டால், அதன் பின்னர் கள்ளைப் பற்றி ஒருவர் சொல்லும் எதையும் நீங்கள் அளந்து கேட்கத் தொடங்குவீர்கள்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

எதைச் சுவைக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பனையில் சீவல், அதாவது பாளையைச் சீவிக் கள் இறக்கும் வேலை, தை, மாசி மாதங்களில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீடிக்கும். மற்ற மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் தென்னங்கள். பனங்கிழங்கு பாத்தியிலிருந்து கிண்டப்படும் தை, மாசியில் வருகிறவர்களுக்கு அவித்த கிழங்கு சூடாகக் கிடைக்கும். நுங்கு வேண்டுமானால் சித்திரையிலிருந்து பார்க்க வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வைகாசி முதல் ஆடி வரை சந்தையை நிறைக்கும். அதன் பின்னர் பனம்பழம் விழத் தொடங்கும். பனங்காய்ப் பணியாரத்தின் வாசனை வீதிக்கு வருவது அப்போதுதான்.

என்னிடம் ஒரே ஒரு மாதத்தைச் சொல்லச் சொன்னால் வைகாசியைச் சொல்வேன். கள்ளும் நுங்கும் மாம்பழமும் ஒருசேரக் கிடைக்கும் காலம் அது. வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலை நிகழ்வையோ மாலை நிகழ்வையோ தெரிவுசெய்யுங்கள்.

ஆடி, ஆவணியில் வரும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாட்கள் நடைபெறும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் மிகப் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. புலம்பெயர்ந்தவர்கள் அதிகமாக வருவதும் அந்த நாட்களில்தான் என்பதால், நண்டும் கள்ளும் தேடி வருகிறவர்கள் திருவிழா முடிந்த பின் நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. திருவிழாக் காலத்துக்கு மரக்கறிச் சமையலும் பனங்கட்டியும் பலகாரங்களும் கொண்ட நிகழ்வே பொருத்தமானது.

பனங்கள்ளை முதன்முறையாகச் சுவைப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நேரத்தைக் கேளுங்கள். பாளையிலிருந்து சொட்டும் நீர் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை கொண்ட தெளிந்த இனிப்பு நீர். முட்டியிலும் காற்றிலும் பாளையிலும் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அது சொட்டும்போதே அதில் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே மரத்திலிருந்து இறங்கும் நேரத்திலேயே கள் ஓரளவு புளித்துத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் மதுசாரம் நான்கு முதல் ஆறு வீதம் வரை ஏறும். ஒரு நாள் கடந்ததும் மற்றொரு வகை நுண்ணுயிர்கள் மேலோங்கி மதுசாரத்தைப் புளிக்காடியாக மாற்றத் தொடங்கும். கள்ளிலிருந்து வினாகிரி செய்வது இந்த இயல்பைக் கொண்டுதான்.

அடுத்ததாகக் கண்ணால் பாருங்கள். உடன் கள், அதாவது அப்போதுதான் இறக்கிய கள், பாலில் தண்ணீர் கலந்ததுபோன்ற வெண்மையோடும், மேலே நுண்ணிய நுரையோடும், குவளையின் ஓரத்தில் மெல்ல எழும் குமிழிகளோடும் இருக்கும். மூக்கருகே கொண்டுபோகும்போது பழுத்த பழத்தின் வாசனையும் புளித்த மாவின் வாசனையும் கலந்து வரும். மூக்கைக் குத்தும் காடி வாசனை வந்தால் அதன் காலம் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். முதல் மிடறை விழுங்கும் முன் நாக்கில் சற்று நிறுத்துங்கள்: இனிப்பு முன்னால் வரும், புளிப்பு பக்கங்களில் படரும், இறுதியில் ஒரு மெல்லிய துவர்ப்பும் வாயு குத்தும் உணர்வும் எஞ்சும். இந்த மூன்றும் சமமாக நிற்கும் நேரம் மிகக் குறுகியது. அந்த நேரத்துக்குள் கள்ளை உங்கள் கையில் சேர்ப்பதில்தான் நிகழ்வை நடத்துபவரின் திறமை இருக்கிறது.

பனையோலையைக் கோலிச் செய்யும் பிளாவில் கள்ளைத் தந்தால் மறுக்காமல் வாங்குங்கள். பச்சை ஓலையின் வாசனை கள்ளோடு கலப்பது ஒரு தனிச் சுவை. ஆயினும் நிறத்தையும் நுரையையும் பார்க்க விரும்பினால் ஒரு கண்ணாடிக் குவளையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்புக்காகச் சீனி கலந்த கள்ளும், தண்ணீர் சேர்த்த கள்ளும் சில இடங்களில் வருவதுண்டு. சீனி கலந்ததில் இனிப்பு நாக்கில் தனியாக நிற்கும். தண்ணீர் சேர்த்ததில் வாயில் கனம் இருக்காது. உடன் கள்ளை ஒரு தடவை கவனமாகச் சுவைத்தவருக்கு இந்த வேறுபாடு பிடிபடும்.

கருப்பநீர் என்பது கள்ளா?

இல்லை. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசி மரத்தில் கட்டினால், சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட் வளர்வதைத் தடுக்கிறது. நீர் புளிக்காமல் இனிப்பாகவே இறங்குகிறது. அதுவே கருப்பநீர். தமிழ்நாட்டில் அதைப் பதநீர் என்பார்கள். பனங்கட்டியும் பனங்கற்கண்டும் இதைக் காய்ச்சித்தான் செய்யப்படுகின்றன. சிறுவர்களும் மது அருந்தாதவர்களும் அருந்தக்கூடிய பானம் இது. ஆனால் சுண்ணாம்பு குறைந்தாலோ நேரம் கடந்தாலோ இதுவும் புளிக்கத் தொடங்கும் என்பதால், நுரைத்திருந்தால் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

பனஞ்சாராயமும் தென்னஞ்சாராயமும் எவ்வாறு வேறுபடுகின்றன? கடையில் விற்கும் எல்லாச் சாராயமும் கள்ளிலிருந்து வந்ததா?

இரண்டுமே கள்ளைக் காய்ச்சி வடிப்பவை; மூலக் கள் வேறு. இலங்கையின் தெற்கு, மேற்குக் கரையோரங்களில் தென்னங்கள் சாராயமாகிறது. வடக்கில் பருத்தித்துறைக்கு அருகிலுள்ள திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்தோடு சேர்த்தே அறியப்பட்ட பெயர். பனஞ்சாராயத்தில் பனங்கட்டியை நினைவூட்டும் ஒரு கருகிய இனிப்பும், சற்று முரட்டுத்தனமான வாசனையும் இருக்கும். தென்னஞ்சாராயம் மூக்குக்கு மென்மையானது. ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்து எடுத்ததில் மரத்தின் வாசனையும் சேர்ந்திருக்கும்.

எல்லாப் போத்தலிலும் உள்ளது முழுக்கக் கள்ளிலிருந்து வந்தது என்று எண்ண வேண்டாம். விலை குறைந்த பல வகைகளில் கள்ளிலிருந்து வடித்த பங்கோடு, வேறு மூலப்பொருளிலிருந்து எடுத்த மணமற்ற மதுசாரமும் கலக்கப்படுகிறது. அது சட்டப்படியான கலவைதான். ஆனால் சுவை பார்க்க வந்தவருக்குக் கள்ளிலிருந்து மட்டுமே வடித்ததை முதலில் தர வேண்டும்; அப்போதுதான் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும்.

சாராயத்தின் வலு பொதுவாக முப்பத்து மூன்று வீதத்துக்கும் நாற்பது வீதத்துக்கும் இடையில் இருக்கும். குவளைக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக இழுக்காதீர்கள். எரிவைத் தவிர வேறெதுவும் தெரியாது. வாயைச் சற்றே திறந்தபடி, குவளையை மூக்குக்குக் கீழே பிடித்து மெதுவாக முகர்ந்து பாருங்கள். பிறகு சில துளி தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். மதுசாரத்தின் குத்தல் தணிந்து, பின்னால் ஒளிந்திருந்த வாசனைகள் முன்னால் வரும். சோடாவும் குளிர்பானமும் கலப்பதை நிகழ்வு முடியும்வரை ஒத்திவையுங்கள்.

கசிப்பு என்ற பெயரில் எங்கேனும் எதையேனும் தந்தால், எவ்வளவு நெருங்கியவர் தந்தாலும் தொடாதீர்கள். முறையான கட்டுப்பாடின்றி வடித்த மதுவில் மெதனோல் கலந்திருக்கலாம். அது கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். அதை நாக்கினால் கண்டுபிடிக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் வைன் உண்டா?

திராட்சை உண்டு. குடாநாட்டின் சிவந்த மண்ணில், கிணற்று நீர் பாய்ச்சி, இஸ்ரேல் புளூ எனப்படும் கருநீலத் திராட்சை பந்தலில் வளர்க்கப்படுகிறது. அது அடிப்படையில் உண்பதற்கும் பழரசத்துக்கும் ஏற்ற இனம். குளிர்ந்த நாடுகளின் வைன் திராட்சைபோல மெதுவாகப் பழுக்க எமது வெப்பம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே இங்கே அந்தத் திராட்சையில் செய்யும் வைன் இனிப்பாகவும் எளிமையாகவும் இருக்கும். அதைப் பிரான்ஸ் நாட்டு வைனோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதில் பயனில்லை. உறைப்பான உணவுக்குப் பக்கத்தில் அந்த இனிப்பே பெரிய துணையாகிறது.

தோலகட்டி ஆசிரமத்தைப் பற்றி அறியாதவர் யாழ்ப்பாணத்தில் குறைவு. 1928ஆம் ஆண்டு அருட்தந்தை தோமஸ் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் இடம் அது. அதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட நெல்லிரசமும் திராட்சைரசமும் மதுசாரமற்றவை. நெல்லிரசத்தைத் தண்ணீரோடு கலந்து, மது அருந்தாதவர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் நிகழ்வின் தொடக்கத்தில் கொடுப்பதை நான் பெரிதும் விரும்புகிறேன். நெல்லியின் துவர்ப்பு வாயைத் துடைத்துவிட்டதுபோல் ஆக்கும். அதன் பின் அருந்தும் தண்ணீர்கூட இனிக்கும்.

வீட்டில் வைன் செய்து விற்பதற்கும் விருந்தினருக்குக் காசு வாங்கிப் பரிமாறுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை நிகழ்வு நடத்த விரும்புகிறவர்கள் நினைவில் வைத்திருங்கள்.

எந்த உணவோடு எந்தப் பானம் பொருந்தும்?

யாழ்ப்பாணச் சமையலின் முதல் செய்தி உறைப்பு. எனவே இந்தக் கேள்வியை உறைப்பிலிருந்து தொடங்க வேண்டும். மிளகாயின் எரிவை வாய் உணர்வது சூட்டை உணரும் அதே நரம்பு வாயில்களின் வழியாகத்தான். மதுசாரம் அந்த வாயில்கள் திறக்கும் எல்லையைத் தாழ்த்திவிடுகிறது. சாதாரண உடல் வெப்பமே சுடுவதுபோல் தோன்றும். அதனால் வலு மிகுந்த சாராயத்தை நண்டுக்கறியோடு அருந்தினால் இரண்டும் சேர்ந்து எரியும், நண்டின் இனிப்பும் மறைந்துபோகும். வலு குறைந்ததும் இனிப்பும் புளிப்பும் உள்ளதுமான கள், வறுத்த கறித்தூள் போட்ட நண்டுக்கறிக்கும் கணவாய்ப் பிரட்டலுக்கும் இறால் பொரியலுக்கும் மிக நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் இதுதான். எங்கள் முன்னோர் இந்த விளக்கத்தை அறிந்திருக்கத் தேவையில்லை. கள்ளுக்கு மீன் பொரியலும் நண்டும் என்று அவர்கள் நாக்கு முடிவுசெய்திருந்தது.

சிவப்பு வைனை மீனோடு பரிமாறும்போது பலருக்கு ஓர் உலோகச் சுவையும் கவிச்சியும் தோன்றும். வைனில் உள்ள இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து அந்த வாசனையை எழுப்புகிறது. ஆகவே கடலுணவு மிகுந்த மேசைக்கு வெள்ளை வைனோ இனிப்பான உள்ளூர் வைனோ பொருத்தம். சிவப்பு வைன் வேண்டியே தீரும் என்றால் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வரும்வரை பொறுத்திருங்கள்.

சாராயத்துக்கு உரிய இடம் இறுதியில் வரும் இனிப்புகளோடுதான் என்பது என் கருத்து. பயற்றம் பணியாரம், பனம்பழக் களியை உலர்த்திச் செய்யும் பாணிப் பினாட்டு, ஒரு துண்டு பனங்கட்டி ஆகியவற்றோடு சிறிது பனஞ்சாராயம் வைத்தால், ஒரே மரத்தின் நீரும் பழமும் ஒரே தட்டில் சந்திக்கும். பருத்தித்துறைத் தட்டை வடையை மட்டும் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்; அதன் மொறுமொறுப்புக்கும் மிளகாய்க்கும் குளிர்ந்த கள்ளைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

ஒடியல் கூழ் பரிமாறுவார்களா? அதில் என்ன இருக்கும்?

நல்ல நிகழ்வாக இருந்தால் பரிமாறுவார்கள், இல்லையென்றால் கேளுங்கள். பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல், அவித்த பின் உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து எடுத்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே நிற்கும் கசப்பு நீரை வடித்துவிட்டே கூழில் கரைக்க வேண்டும். பானையில் நண்டும் இறாலும் மீனும், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகியவையும் வெந்த பிறகு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும் சேரும். பலாவிலையைக் கோலி ஈர்க்கினால் குத்தி, அதில் அள்ளிக் குடிப்பது வழக்கம்.

கூழை நிகழ்வின் நடுவில் வைப்பது சரியானது. அது வயிற்றை நிரப்பும். மதுசாரம் இரத்தத்தில் சேரும் வேகத்தையும் உணவு குறைக்கும். ஆனால் கூழில் நண்டும் இறாலும் கரைந்து கலந்திருப்பதால், அவை ஒவ்வாதவர்கள் "நண்டை எடுத்து வைத்துவிட்டுத் தாருங்கள்" என்று கேட்பது பாதுகாப்பாகாது. ஒவ்வாமை இருந்தால் பதிவுசெய்யும்போதே சொல்லிவிடுங்கள். மரக்கறிக் கூழும் உண்டு. அது தனிப் பானையில் காய்ச்சியதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய், கோதுமை மா, கச்சான் ஆகியவை பலகாரங்களில் வரும் என்பதும் கவனத்துக்குரியது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பனங்கட்டியும் சர்க்கரையே.

மது அருந்தாதவர் வந்தால் நேரம் வீணாகாதா?

ஒருபோதும் ஆகாது. கருப்பநீர், நெல்லிரசம், திராட்சைரசம், நுங்கு, இளநீர் எனச் சுவைப்பதற்கு ஒரு முழு வரிசை இருக்கிறது. மது அருந்தாதவருக்கு ஒரு சோடாப் போத்தலைக் கொடுத்து மூலையில் உட்காரவைக்கும் நிகழ்வைத் தவிர்த்துவிடுங்கள். நடத்துபவர் உணவைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. பனை உணவுகளை மட்டும் அறிய விரும்புகிறவர்களுக்குப் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும், உள்ளூர்ப் பெண்கள் சமைத்துப் பரிமாறும் அம்மாச்சி உணவகமும் நல்ல தொடக்க இடங்கள்.

எவ்வளவு சுவைக்கலாம்?

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐந்து வீதக் கள் 100 மில்லிலீற்றர், பன்னிரண்டு வீத வைன் 40 மில்லிலீற்றர், முப்பத்து மூன்று வீதச் சாராயம் 15 மில்லிலீற்றர் ஆகிய மூன்றிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே அளவு தூய மதுசாரம்: ஐந்து மில்லிலீற்றர், அதாவது நான்கு கிராம். இப்படி ஆறு சுவைப்புகள் முடியும்போது இருபத்து நான்கு கிராம் உள்ளே போயிருக்கும். சிறு குவளைகள் என்பதால் குறைவாகக் குடித்ததுபோல் தோன்றும். உடலுக்கு அது குறைவல்ல. மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்திருக்கிறது.

சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைக்கப்பட்டிருந்தால் அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். வைன் சுவைப்பவர்கள் உலகெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள். எமது ஊரில் துப்புவது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்பதால், பாத்திரத்தை மூடியுள்ளதாகச் சற்று ஒதுக்குப்புறத்தில் வைக்கும்படி நடத்துபவரிடம் சொல்லலாம். கருவுற்றவர்களும், மெட்ரோனிடசோல் போன்ற மருந்து எடுப்பவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும், குடியிலிருந்து மீண்டவர்களும் மது வரிசையை முழுவதுமாகத் தவிர்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் வராதீர்கள். போகவும் வரவும் ஓட்டோ பேசிவைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தின் குறுகிய வீதிகளில் இருட்டியபின் விளக்கில்லாத சைக்கிள்களும் மாடுகளும் வரும். ஒரு மிடறு அருந்தியவரும் ஓட்டக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இருபத்தொரு வயது நிறையாதவருக்கு மதுபானம் விற்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. அதே சட்டம் மதுபான விளம்பரத்தையும் தடைசெய்கிறது. ஆகவே வீதியில் பெரிய பதாகை இல்லையே என்று ஐயப்பட வேண்டாம். இத்தகைய நிகழ்வுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே அறியவருகின்றன. பூரணைப் போயா நாட்களில் மது விற்பனை இல்லை. நாட்காட்டியைப் பார்த்து நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

பெண்களுக்குத் தவறணை வளாகத்தில் மது விற்பதை 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அந்தத் தடையை நீக்கியபோது, சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். வளர்ந்த ஒரு பெண் தமது பணத்தில் எதை வாங்குவது என்பதை அரசாங்கம் தீர்மானிப்பது நியாயமற்றது என்பது என் எண்ணம். தனியாகவோ தோழிகளோடோ வரும் பெண்கள், இடம் அனுமதிப்பத்திரம் பெற்ற விடுதியா, திரும்பிச் செல்ல வாகன ஒழுங்கு உண்டா என்பவற்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

குடியால் இவ்வளவு குடும்பங்கள் சிதைந்த மண்ணில் இப்படியொரு நிகழ்வு தேவையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. போருக்குப் பிந்திய வடக்கில் குடி எத்தனை வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை இங்கே வாழும் எவரும் மறுக்க முடியாது. அளவும் உணவும் விளக்கமும் இல்லாமல், குறைந்த விலைக்கு நிறையக் கொடுக்கும் நிகழ்வை நானும் எதிர்ப்பேன்.

ஆனால் சுவை பார்ப்பது என்ற செயல் சரியாக நடந்தால் அது வெறிக்கு எதிர்த் திசையில் செல்கிறது. வெறித்த நாக்குக்கு எதுவும் தெரியாது. எனவே சுவைக்க வந்தவர் குறைவாகவே அருந்த வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சீவலில் வாழும் குடும்பங்களின் வருமானம், பருவத்தில் கள் மிதமிஞ்சி இறங்கும்போது விழுந்துவிடுகிறது. இறக்கிய கள்ளுக்கு மாலைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அது காடிதான். கருப்பநீராகவும் பனங்கட்டியாகவும், தரமான சிறு அளவுக் கள்ளாகவும் நல்ல விலைக்கு வாங்குகிறவர்கள் பெருகினால், அந்தக் குடும்பங்கள் அளவை நம்பாமல் தரத்தை நம்பி வாழலாம். வீட்டில் குடிப் பிரச்சினை உள்ள ஒருவரை "ஒரு சொட்டுத்தானே" என்று அழைத்துவருவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

சீவல் தொழிலாளியைச் சந்திக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

மற்ற எந்தத் தொழில் வல்லுநரையும் சந்திப்பதுபோல. வயதுக்கேற்ப ஐயா என்றோ அண்ணை என்றோ அழையுங்கள், ஒருமையில் பேசாதீர்கள். இது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். மரமேறும் மக்களைச் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டு, அவர்கள் இறக்கிய கள்ளை மட்டும் உள்ளே வாங்கிய வரலாறு எங்களுடையது. ஆகவே சொல்லத்தான் வேண்டும்.

அவரது வேலையைப் பார்க்க விரும்பினால் விடியும் முன் தோட்டத்தில் நில்லுங்கள். காலில் தளநார் மாட்டி, இடுப்பில் கத்தியோடு ஏறி, மட்டைகளுக்கு நடுவில் ஒரு காலை ஊன்றியபடி, பாளையின் முனையில் ஒரு தாள் கனத்துக்குச் சீவுவார். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் முடிந்துபோகும். மிக மெல்லியதாகச் சீவினால் துளை அடைபட்டு நீர் வராது. அந்தக் கனத்தைக் கையே அளக்கிறது. காலையும் மாலையும், மழையில் வழுக்கும் மரத்திலும், இதைச் செய்ய வேண்டும். அவர் மேலே இருக்கும்போது கூப்பிட்டுப் பேசாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். விளக்கம் சொல்ல நேரம் ஒதுக்கியதற்குத் தனிக் கொடுப்பனவு உண்டா என்று நடத்துபவரிடம் கேட்பது உங்கள் உரிமை. உண்டு என்ற பதில் வரும் நிகழ்வையே நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

என்ன உடுத்துவது, என்ன பூசுவது?

பருத்தி ஆடை, கழற்றி மாட்ட இலகுவான செருப்பு. வாசனைத் திரவியமும் மல்லிகைச் சரமும் அன்றைக்கு வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் அவை மறைத்துவிடும்.

வெளிநாட்டுக்கு எதைக் கொண்டுபோகலாம்?

முட்டியில் இருந்து வாங்கிய கள்ளை வீடுவரைகூட இறுக்கி மூடிக் கொண்டுபோகாதீர்கள். அது போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும், கண்ணாடிப் போத்தலானால் வெடிக்கவும் செய்யும். மூடியைச் சற்றுத் தளர்த்தி, நிமிர்த்தி வைத்து, அன்றே அருந்தி முடிக்க வேண்டும்.

கடையில் வாங்கிய, முத்திரை உடைக்காத சாராயப் போத்தலை விமானத்தில் சரக்கறைப் பொதியில் வைக்கலாம். இருபத்து நான்கு வீதத்துக்கு மேல் எழுபது வீதம் வரை வலுவுள்ள மதுபானத்துக்கு ஒருவருக்கு ஐந்து லீற்றர் என்பது விமானப் பயண விதி. நீங்கள் போய் இறங்கும் நாட்டின் சுங்க அளவு பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும். ஒடியல், புழுக்கொடியல், ஒடியல் மா ஆகியவை நன்கு உலர்ந்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது. பினாட்டை எண்ணெய்த் தாளில் சுற்றிக் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். பனங்கட்டி ஈரத்தை இழுத்து இளகும் என்பதால், ஓலைக் குட்டானோடு வாங்கியிருந்தாலும் மேலே ஒரு பொலித்தீன் உறை போட்டு, உடுப்புகளிலிருந்து தள்ளிப் பொதியின் நடுவில் வைப்பது நல்லது.